ஸ்விஃப்ட் டீசல் டர்போவை வீட்டிலேயே பிரித்துக் கட்டியது: முழு விவரம்

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். என் மச்சானுடையது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எஞ்சின் எல்லோருக்கும் தெரிந்த அந்த 1.3 மல்டிஜெட்தான்: 1248 சிசி, 75 குதிரைத்திறன், ஃபியட் வடிவமைத்து மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று வீட்டிலும் வேறு வேறு பெயரில் ஓடியது, கார்ப் பைத்தியங்கள் ‘தேசிய எஞ்சின்’ என்று கேலியாகச் சொல்வது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதிமுறை வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டாலும் ரோட்டில் இறங்கினால் பத்து நிமிஷத்தில் நாலு வண்டி கண்ணில் படும், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். டர்போ என்பது எஞ்சின் புகையால் ஒரு சக்கரத்தை (டர்பைன்) சுற்றவைத்து, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரத்தால் (காம்ப்ரசர்) காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற கருவி. இந்த 75 ரகத்தில் இருப்பது போர்க்வார்னர் கம்பெனியின் கேபி 35. கைக்குள் அடங்குகிற சின்ன டர்போ, உள்ளே புகையைத் திருப்பிவிடும் அசையும் தகடுகள் (வேன்கள்) எதுவும் கிடையாது, மிஞ்சிய புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடுகிற வேஸ்ட்கேட் என்ற கதவு ஒன்று மட்டும். வீட்டில் பிரிப்பதற்கு இதைவிட எளிய டர்போ கிடைக்காது. 90 குதிரைத்திறன் ரகத்தில் இருப்பது வேறு, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மச்சான் சொன்ன புகார் மூன்று. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை, சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பினாலும் அதே புகை. 2000 ஆர்பிஎம் தாண்டினால் சைரன் மாதிரி ஒரு விசில். அப்புறம் ஈரோட்டுக்குத் துணி மூட்டையோடு போகும்போது மேட்டில் இழுவை இல்லை. பட்டறையில் காட்டியிருக்கிறார், பானெட்டைத் திறந்து விசிலை மட்டும் கேட்டுவிட்டு முழு டர்போவையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். “மாப்ள, டர்போ போச்சுன்னுட்டாங்க, அந்தக் காசுக்கு ஒரு பழைய பைக்கே வாங்கிரலாம், நீ ஒருக்கா பாத்துச் சொல்லு” என்று வண்டியை என் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

நான் முதலில் கேட்டது டர்போவைப் பற்றி அல்ல. எது முதலில் வந்தது, புகையா விசிலா? யோசித்துச் சொன்னார்: புகை முன்னால், விசில் ரொம்ப நாள் கழித்து. புகை எப்போதிலிருந்து? ஏதோ எண்ணெய்க் கசிவுக்கு டர்போவை இறக்கி ஏற்றினார்களே, அதற்கு அப்புறம்தான். இந்த இரண்டு பதிலும் சேர்ந்து பாதி வழக்கை முடித்துவிட்டன என்றே சொல்லலாம். டர்போ தேய்ந்து புகை வந்திருந்தால் விசிலும் ஆட்டமும் ஏறக்குறையப் புகையோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். இங்கே கசிவு முன்னால் வந்திருக்கிறது, தேய்மானம் பின்னால் வந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு டர்போவுக்குள் எண்ணெய் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிறையப் பேர் உள்ளே ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது, அது கிழிந்தால் எண்ணெய் கசிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. டர்பைன் பக்கம் 700, 800 டிகிரி வரை போகிற சூட்டில் ரப்பர் எங்கே நிற்கும்? ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் பிஸ்டன் ரிங்கின் குட்டி மாதிரி இரும்பு ரிங் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த ரிங்கின் முதல் வேலையே புகையும் அழுத்தக் காற்றும் ஷாஃப்ட்டைத் தாங்குகிற நடு ஹவுசிங்குக்குள் அளவுக்கு மீறிப் போகாமல் தடுப்பதுதான். எண்ணெயை வெளியே விடாமல் வைத்திருப்பது வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிற அந்த அழுத்தமும், எண்ணெயை விசிறி அடிக்கிற காலரும், கீழே இருக்கிற பெரிய துளையும். எண்ணெய் மேலே ஒரு மெல்லிய பைப்பில் பம்ப் அழுத்தத்தோடு வருகிறது, பேரிங்கைக் கடந்து நுரையாகி, கீழே தடிமனான ரிட்டர்ன் பைப்பில் தன் எடையாலேயே விழுந்து, எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்குகிற ஆயில் சம்புக்குப் போகிறது. ரிட்டர்னில் பம்ப் கிடையாது, தள்ளிவிட ஆள் கிடையாது. அந்த வழி கொஞ்சம் அடைத்தாலும் நடு ஹவுசிங்கில் எண்ணெய் மட்டம் ஏறி ரிங்கைத் தாண்டி வெளியே வரும். அப்போது புத்தம்புது டர்போ மாட்டினாலும் முதல் நாளே புகைக்கும். “புது டர்போவும் லீக்குங்க, கம்பெனி சரியில்லைங்க” என்று புலம்புகிற கதைகளில் பெரும்பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

ஆகவே ஸ்பானர் எடுக்கும் முன்னால் பார்த்தவை: ஏர் ஃபில்டர் (அடைத்திருந்தால் காம்ப்ரசர் பக்கம் உறிஞ்சல் கூடி எண்ணெயை இழுக்கும், சுமாராக இருந்தது, மாற்றிவிட்டேன்). எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தது. லேசாகப் புகை வந்தது, மூடியைத் தூக்கி எறிகிற அளவுக்கு இல்லை, அதாவது பிஸ்டன் பக்கம் பெரிய கோளாறு இல்லை, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற பிரீதரும் திறந்துதான் இருக்கிறது. காற்றுக் குழாய்களின் கிளாம்ப் எல்லாம் இறுக்கம். டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றினால் உள்ளே மெலிதாக எண்ணெய்ப் பிசுக்கு. இந்தப் பிசுக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிரீதர் ஆவி அங்கேதான் வந்து சேர்கிறது, நல்ல வண்டியிலும் இருக்கும். டர்போவை விட்டு வெளியேறும் பக்கத்துக் குழாயில்தான் பிரச்சினை: தலைகீழாகப் பிடித்தபோது எண்ணெய் சொட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, எரியக்கூடியது எது உள்ளே போனாலும் எரிக்கும். டர்போ நிறையக் கசிந்து அந்த எண்ணெய் உறிஞ்சும் காற்றோடு போனால், சாவியைத் திருப்பி அணைத்தாலும் எஞ்சின் தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு வெறிபிடித்துச் சுற்றும், ஆக்சிலேட்டருக்கு அங்கே வேலையே இல்லை. கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, அஞ்சாவது கியர் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை மூச்சுத்திணற வைத்து அணைக்க வேண்டும். பக்கத்தில் நின்று பானெட்டுக்குள் கையை விட வேண்டாம். குழாயில் எண்ணெய் தேங்கிக் கிடக்கிறது என்று தெரிந்த பிறகும் “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

கழற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி ஒயர், வெப்பத் தகடு, குழாய்கள், ஆயில் பைப் இரண்டு, மேனிஃபோல்டு நட்டுகள். முந்தின ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு ஆரம்பித்தால் ஸ்டட் உடைகிற வாய்ப்பு குறையும். சூடாக்காமல் அப்படியே முறுக்கினால் உடையும், அப்புறம் வெல்டிங், டிரில் என்று வேலை எங்கோ போய்விடும்.

விஷயம் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றியபோது வந்தது. ஃபிளாஞ்சில் பேக்கிங்குக்குப் பதிலாகக் கருப்பு சிலிகான் பேஸ்ட், அதுவும் பல்லுக்குப் பேஸ்ட் வைப்பதைப் போலத் தாராளமாக. போல்ட்டை இறுக்கியபோது வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது, வெளியே வந்ததைத் துடைத்திருக்கிறார்கள், உள்ளே போனதை யார் துடைப்பது? துளையைச் சுற்றி ஒரு வளையமாக நின்றது, அதில் ஒரு பக்கம் பிய்ந்து நாக்கு மாதிரி துளைக்குக் குறுக்கே தொங்கியது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே துண்டாக வந்தது. துளையில் பாதிகூடத் திறந்திருக்கவில்லை. புகைக்குக் காரணம் அதுதான், டர்போவைத் தொடாமலே தெரிந்துவிட்டது. எந்தப் பட்டறை என்று கேட்க வேண்டாம், இப்படிச் செய்கிற பட்டறை எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஆனால் விசில்? அதற்கான பதில் மேலே வரும் மெல்லிய பைப்பில் இருந்தது. வாயில் வைத்து ஊதினேன், காற்று சிரமப்பட்டுத்தான் போனது. உள்ளே கரி. சூடான எஞ்சினை டக்கென்று அணைக்கும்போது பைப்பில் நிற்கிற எண்ணெய் டர்போவின் சூட்டிலேயே வறுபட்டுக் கரியாகிறது, அதோடு ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போட்டால் கரி வேகமாகக் கட்டும். முந்தைய சொந்தக்காரர் சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றிய இடைவெளிகளைப் பார்த்தபோது ஆச்சரியம் எதுவும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். குத்தி உதிர்த்த கரி எங்கே போகும்? நேராகப் புது பேரிங்குக்குத்தான். பைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், இந்த வேலையிலேயே மலிவான பாகம் அது.

ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயன், ஃபோர்டு வண்டிகளில் ஓடிய 1.6 எச்டிஐ எஞ்சின் இதே விஷயத்துக்குப் பேர்போனது. அதில் டர்போவுக்கு எண்ணெய் வரும் போல்ட்டுக்குள் ஒரு சின்ன வலை வடிகட்டி, கரி அதில் அடைத்து டர்போ சாகும், அதை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால் புதிதும் சாகும். எஞ்சின் வேறு, கொலைகாரன் ஒன்றுதான்.

சரி, டர்போவுக்கு வருவோம்.

எல்லா மெக்கானிக்கும் செய்கிற சோதனை காம்ப்ரசர் நட்டை விரலில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது. மேலும் கீழும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஷாஃப்ட் சுற்றுவது பித்தளை புஷ்ஷில், அந்த புஷ்ஷும் ஹவுசிங்கில் இறுக்கமாக இல்லாமல் எண்ணெயில் மிதந்துகொண்டே சுற்றும். எண்ணெய் வடிந்து காய்ந்திருக்கும்போது ஆட்டம் கையில் நன்றாகவே தெரியும், அதைப் பார்த்து டர்போ போச்சு என்பது தவறு. இன்றைக்கும் பெரும்பாலான கார் டர்போக்களில் ஷாஃப்ட்டைத் தாங்குவது இந்த எண்ணெய்ப் படலம்தான். முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பதுதான் சோதனை. இந்த அளவு டர்போவில் அது 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், கையில் கிட்டத்தட்டத் தெரியக்கூடாது. நுண்ணிய அசைவை அளக்கிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.2-ஐத் தாண்டியது. காம்ப்ரசர் ஹவுசிங்கின் உள்சுவரில் நகக்கண் அளவுக்கு ஒரு மினுமினுப்பு, வீல் அப்போதுதான் உரசத் தொடங்கியிருக்கிறது. இறக்கைகளில் பிசிறோ வளைவோ இல்லை. இருந்திருந்தால் அந்த வீலைத் திரும்பப் போடும் பேச்சே கிடையாது.

பிரிக்கும் முன் அடையாளம் வைக்க வேண்டும். இரண்டு ஹவுசிங்கும் நடுப் பாகத்தோடு எந்தக் கோணத்தில் நின்றன என்பதற்கு ஒரு குறி, இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது பைப் எதுவும் நேராக வராது. அதைவிட முக்கியம் ஷாஃப்ட் முனை, நட்டு, காம்ப்ரசர் வீல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கோட்டில் ஒரு மெல்லிய கீறல். மார்க்கர் பேனா ஆகாது, கழுவும்போது போய்விடும். நட்டு லெஃப்ட் த்ரெட், அதாவது கடிகார முள் சுற்றும் பக்கம் திருகினால்தான் கழலும், வழக்கமான பக்கம் முறுக்கி ஷாஃப்ட்டை உடைத்தவர்கள் உண்டு. எதிர்ப்பக்கம் டர்பைன் வீலின் மூக்கில் சாக்கெட் பிடிக்க முகம் இருக்கிறது, அதை மட்டும் பிடிக்க வேண்டும். இறக்கையை வைஸில் பிடித்தால் அங்கேயே கதை முடிந்தது. நட்டு வந்ததும் வீல் கையோடு வந்தது, ஷாஃப்ட் முனையில் மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டினால் டர்பைன் வீலோடு பின்பக்கமாக வெளியே வரும். டர்பைன் வீலும் ஷாஃப்ட்டும் ஒன்றாக வெல்ட் செய்த ஒரே உருப்படி, அதைப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம்.

உள்ளே பார்த்தது நினைத்தபடியே இருந்தது. த்ரஸ்ட் பேரிங், அதாவது ஷாஃப்ட் முன்பின்னாகப் போகாமல் தாங்குகிற தட்டு, ஒரு முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்து எண்ணெய்ப் பள்ளங்களே மழுங்கிப்போயிருந்தன. எண்ணெய் போதாமல் போனால் முதலில் சாவது இந்தத் தட்டுதான், ஏனென்றால் முழுத் தள்ளுவிசையும் அதன் மேல். புஷ் இரண்டிலும் வெளிமுகம் மங்கல், உள்முகம் பரவாயில்லை. ஷாஃப்ட்டில் நீல நிறம் இருக்கிறதா என்றுதான் பதற்றத்தோடு பார்த்தேன். நீலம் என்றால் எண்ணெயே இல்லாமல் சூடாகிக் கடினத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம், அந்த ஷாஃப்ட் குப்பைக்குத்தான். இதில் டர்பைன் பக்கம் காபிக்கொட்டை நிறத்தில் அரக்கு மட்டும், துடைத்தால் போயிற்று. நகத்தால் தடவினால் எங்கும் தடுக்கவில்லை. அளவு பார்க்கக் கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். மைக்ரோமீட்டரில் புஷ் உட்காரும் இரண்டு இடமும் சமமாக வந்தன, வி பிளாக்கில் வைத்துச் சுற்றினால் டயல் முள் அசைந்ததா இல்லையா என்று சொல்லவே கஷ்டம். வளைவு இல்லை.

பட்டறைக்காரர் உற்சாகமாகிவிட்டார். “ஏனுங்ணா, நம்மகிட்டதான் மோட்டார் ரோட்டர் பேலன்ஸ் பண்ற மிசின் இருக்குதுங்களே, இதையும் அதுலயே போட்டுப் பாத்தரலாமுங்களா?” பேலன்ஸ் என்றால் சுற்றும் பாகத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி சரிசெய்வது. நல்ல மனசுதான், ஆனால் ஆகாது. தண்ணி மோட்டார் 2,900 ஆர்பிஎம் சுற்றும். இந்த அளவு டர்போ முழு வேகத்தில் 2 லட்சத்துக்கும் மேல் சுற்றும், அதாவது ஒரு வினாடிக்கு 3,300 சுற்று, 40 மி.மீ. சக்கரம் ஒன்றின் விளிம்பு அந்த வேகத்தில் ஒலியை முந்திவிடும். கணக்குப் போட்டுக் காட்டினேன்: மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தால், 2 லட்சம் ஆர்பிஎம்மில் அது ஷாஃப்ட்டைச் சுமார் 67 கிலோ எடைக்குச் சமமாகப் பக்கவாட்டில் இழுக்கும். ஒரு வினாடியில் 3,300 தடவை திசை மாறி மாறி. அந்த மெல்லிய ஷாஃப்ட்டைப் பார்த்தார், கால்குலேட்டரைப் பார்த்தார், பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டில் டர்போ கட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிரிக்கலாம், காரணம் கண்டுபிடிக்கலாம், சுத்தம் செய்யலாம், அளக்கலாம், கிட் (புஷ், த்ரஸ்ட் தட்டு, ரிங் எல்லாம் அடங்கிய புதுப் பாகத் தொகுப்பு) போட்டுச் சேர்க்கலாம். பேலன்ஸ் மட்டும் வீட்டில் ஆகாது. அடையாளக் கீறல் வைத்துப் பழைய இடத்திலேயே சேர்த்தால் போதும் என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பலருக்கு ஓடவும் செய்கிறது. பழைய மெதுவான பெரிய டர்போக்களில் அது சரி. இவ்வளவு சின்ன டர்போவில் அந்தச் சூதாட்டம் எனக்கு ஒப்பவில்லை. இன்னொரு வழியும் உண்டு: கோர் என்று நடுப் பாகத்தை முழுதாக, பேலன்ஸ் செய்தே விற்கிறார்கள், ஹவுசிங் இரண்டையும் மாற்றிப் பூட்டினால் வேலை முடிந்தது. நேரம் இல்லாதவர்களுக்கும் ஷாஃப்ட் கெட்டுப்போனவர்களுக்கும் அதுவே நல்லது. நமக்குப் பழைய ஷாஃப்ட்டும் வீலும் நன்றாக இருந்ததால் கிட்.

கிட் வந்ததும் அப்படியே போட்டுவிடக் கூடாது. மலிவுக் கிட்டுகளில் அளவு எப்படி வேண்டுமானாலும் இருக்கும். புது த்ரஸ்ட் தட்டின் தடிமனைப் பழையதில் தேயாத ஓரத்தோடு ஒப்பிட்டேன், புஷ்ஷின் உள்ளளவு வெளியளவு பார்த்தேன், ரிங்கைத் தனியாக அதன் துளைக்குள் வைத்து வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, நேராக உட்காருகிறதா என்று பார்த்தேன். ரிங் உட்காரும் பள்ளத்தில் கரி கட்டியிருந்தது, அதைச் சுரண்டியெடுக்கத்தான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆனது. பழைய ரிங்கின் உடைந்த துண்டே அதற்கு நல்ல கருவி, பள்ளத்துக்குச் சரியான அகலம். நடு ஹவுசிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ், அப்புறம் கார்ப் கிளீனர், ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் கம்ப்ரசர் காற்று. பேரிங் உட்காரும் துளையில் எமரி பேப்பர் படக்கூடாது. கரி போகட்டும் என்று காஸ்டிக் சோடாவில் போடுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு, இரும்பு ஹவுசிங்குக்குச் சரி, அலுமினியம் வீலையும் காம்ப்ரசர் ஹவுசிங்கையும் அதில் போட்டால் கரைந்தே போகும்.

சேர்க்கும்போது எல்லாவற்றிலும் புது எஞ்சின் ஆயில். சர்க்ளிப், புஷ், அதன் வெளி லாக், வெப்பத் தடுப்புத் தகடு, அப்புறம் டர்பைன் ஷாஃப்ட். ரிங் துளைக்குள் நுழையும் இடம்தான் நெஞ்சு படபடக்கும் இடம்: அழுத்தாமல், ஷாஃப்ட்டை மெல்லச் சுற்றிச் சுற்றி விட்டால் ரிங் தானாகச் சுருங்கி ‘டிக்’ என்று உள்ளே போகும். அழுத்தினால் உடையும், உடைந்தது வெளியே தெரியவும் தெரியாது. பிறகு த்ரஸ்ட் காலர், தட்டு, பின்தகடு, புது ஓ ரிங், வீல், கீறல்கள் ஒரே கோட்டில், நட்டு. மறுபடி டயல் கேஜ்: முன்பின் ஆட்டம் 0.06. சுண்டிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றி நின்றது.

பேலன்சிங் நாமக்கல்லில். லாரி ஊர் என்பதால் டர்போவே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கோரை மட்டும் மிஷினில் பூட்டி, சூடான எண்ணெயை அழுத்தத்தோடு விட்டு, டர்பைன் பக்கம் அழுத்தக் காற்றை அடித்துச் சுற்றுவார்கள், நடு ஹவுசிங்கில் ஒட்டிய சென்சார் அதிர்வைத் திரையில் கோடாகப் போடும். மெல்ல வேகம் ஏற ஏற எங்கள் கோடு அமைதியாகத்தான் போனது. ஒரு லட்சத்தை நெருங்கும்போது ஒரே இடத்தில் குத்தாக எழுந்து சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அடையாளம் வைத்துப் பொறுப்பாகச் சேர்த்த கோர்தான் அது! ஆபரேட்டர் பெரியவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, நட்டு ஒரு மயிரிழை தள்ளி உக்காந்தாலும் இது காட்டிக் குடுத்துரும்” என்றார். நட்டின் ஒரு மூலையில் பேனாவால் புள்ளி வைத்து, கைக் கிரைண்டரால் ஒரு தொடுதல், அவ்வளவுதான், தூள் கண்ணுக்கே தெரியவில்லை. திரும்ப ஓட்டினார், குத்து பாதியாகியது. இன்னொரு தொடுதல், கோட்டுக்குக் கீழே படுத்துவிட்டது. பேலன்ஸ் இல்லாமல் மாட்டியிருந்தால் ஓடியிருக்கும், விசிலும் அப்படியே இருந்திருக்கும், கிட் போட்டும் பயனில்லை என்று சொல்லியிருப்போம்.

திரும்ப மாட்டுவதில் கவனிக்க வேண்டியவை சில. ரிட்டர்ன் ஃபிளாஞ்சில் அதற்கான பேக்கிங் மட்டும், பேஸ்ட் ஒரு சொட்டு கிடையாது. வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடுகிற ஆக்சுவேட்டரின் ராடை யாரும் திருகவில்லை என்று பெயிண்ட் குறியை வைத்து உறுதி செய்துகொண்டு, கைப்பம்பும் மீட்டரும் வைத்து ராட் நகர்கிறதா, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தேன். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏற்ற ஆசைப்பட்டு அந்த ராடைச் சுருக்குகிறவர்கள் தனியாக ஒரு ஜாதி, அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. காற்றுக் குழாய்களில் தேங்கிய எண்ணெயை முழுதாகக் கழுவி உலர்த்தினோம், இன்டர்கூலர் உள்ள வண்டி என்றால் அதையும் கழற்றிக் கவிழ்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் நல்ல டர்போ மாட்டியும் பழைய எண்ணெய் எரிந்து புகையும். ஆயிலும் ஃபில்டரும் புதிது.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரப்படக் கூடாது. எண்ணெய் வரும் துளையில் புது ஆயிலை ஊற்றி வீலைக் கையால் சுற்றிவிட்டு, பைப்பை மாட்டி, இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி, ரிட்டர்ன் பைப்பின் கீழ்முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடித்தோம். முதலில் ஒன்றுமில்லை, பிறகு சொட்டு, பிறகு நூலாக எண்ணெய். வரும் வழியும் போகும் வழியும் திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. (ஸ்கேனரில் பிழைக் குறி விழும், அழித்துக்கொள்ளலாம்.) எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கொஞ்ச நேரம் ஐட்லிங். சைலன்சரில் மிச்சமிருந்த பழைய எண்ணெய் எரிந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை வந்தது, பக்கத்து வீட்டு அக்கா மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு முறைத்தார். அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டம் போய் வந்ததும் புகை நின்றது. விசில் இல்லை. இழுவை திரும்பிவிட்டது, 2000 வரை தூங்கிவிட்டு அப்புறம் பிய்த்துக்கொண்டு போவது இந்த எஞ்சினின் பிறவிக்குணம், அது மட்டும் அப்படியே இருக்கிறது.

கிட், பைப், பேக்கிங், ஆயில், பேலன்சிங், நாமக்கல் போய்வந்த டீசல் எல்லாம் சேர்த்தும் புது டர்போ விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. என் கூலி கணக்கில் இல்லை, மச்சான் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். அடுத்த ஆயில் மாற்றும் வரை டாப் அப் செய்யத் தேவைப்படவில்லை, அப்போது டர்போவை விட்டு வெளியேறும் குழாயைக் கழற்றிப் பார்த்தோம், உள்ளே உலர்ந்திருந்தது.

90 குதிரைத்திறன் ரகம் வைத்திருப்பவர்களுக்கு (எஸ்எக்ஸ் 4, எர்டிகா, சியாஸ் டீசல்): உங்களுடையது வேரியபிள் டர்போ. டர்பைன் வீலைச் சுற்றி வட்டமாக வேன்கள், அவற்றைத் திருப்பும் ஒரு வளையம், அதில் கரி கட்டி மாட்டிக்கொள்வதுதான் அங்கே வழக்கமான நோய். கழற்றிக் கரியை எடுப்பது வீட்டில் முடியும். ஆனால் வேன் மூடிய நிலையில் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை காற்றோட்டத்தை அளக்கிற ஃப்ளோ பெஞ்ச் என்ற மிஷினில் வைத்து ஸ்டாப் திருகைச் செட் செய்திருப்பார்கள், அந்தத் திருகைத் தொட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவர வீட்டில் வழியில்லை. மேல் பைப், ரிட்டர்ன், பிரீதர், ஏர் ஃபில்டர் இவ்வளவையும் நீங்களே பாருங்கள், அதற்கு அப்புறமும் டர்போதான் குற்றவாளி என்றால் கழற்றி ஃப்ளோ பெஞ்ச் இருக்கிற கடையில் கொடுங்கள், கொடுக்கும்போது ஃப்ளோ ரிப்போர்ட்டும் பேலன்ஸ் கிராஃபும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடை.